வாய்வழி: எதுவும் இல்லை

கிளெனிஸ் ஹார்ட்டிகனுக்கு டாக்டர் பென்ஹாலோவைப் பிடிக்காது. பிடிக்காது என்பதுகூட மரியாதைக்குச் சொல்வதுதான். ராக்ஹாம்ப்டனில் அந்த ஸ்கேன் சென்டர் திறந்த நாளிலிருந்து அவள் எம்.ஆர்.ஐ. எடுக்கிறாள், அவர் அந்தப் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் சொல்கிறார். பதினொரு வருடங்களாக அவளைக் கிளெண்டா என்றுதான் கூப்பிடுகிறார். முதல் மாதம் திருத்தினாள். இரண்டாம் மாதம் விட்டுவிட்டாள். கழுத்தில் தொங்கும் பெயர் அட்டையைப் படிக்கத் தெரியாத மனிதர் கணையத்தைப் பார்த்து என்னத்தைக் கிழிக்கப் போகிறார் என்று, தேநீர் போடும் இடத்தில் வரவேற்பறைப் பெண்களிடம் சொல்லுவாள். அவர்களும் சிரிப்பார்கள்.

இப்போது அந்த அட்டையைப் பார்க்கும் வாய்ப்பும் அவருக்கு இல்லை. நான்கு வருடங்களாக அவர் ஊரிலேயே இல்லை. நூசாவில் கடலைப் பார்த்த மாதிரி ஒரு வீடு, அதில் மூன்று கணினித் திரைகள். அங்கிருந்தபடியே ஒரு நாளைக்கு அறுபது பேருடைய உடம்பைப் பார்த்து முடித்துவிடுகிறார். தட்டச்சு செய்வது அவருக்குக் கௌரவக் குறைச்சல். வாயால் சொல்வார், கணினி எழுதிக்கொள்ளும். ஒருமுறை ஒரு லாரி டிரைவரின் முழங்கால் ரிப்போர்ட்டில், ஜவ்வு கிழிந்திருக்கிறது என்ற வரிக்கு அடுத்தபடியாக, 'பாதாம் பால் வேண்டாம், ஓட்ஸ் பால் போடு' என்று வந்திருந்தது. கிளெனிஸ் அதை அச்செடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அந்த ஃபிரிட்ஜுக்குள் அன்னாசிச் சாறு டின்கள் அடுக்கியிருக்கும். அவை ஊழியர்கள் குடிக்க வாங்கியவை அல்ல.

கட்டியைத் தேடும் ஸ்கேனுக்கு ஊசியில் ஏற்றுவது கேடோலினியம். அது ஓர் உலோகம். தனியாக விட்டால் விஷம் என்பதால் வேறொரு மூலக்கூறுக்குள் பூட்டி, புட்டியில் அடைத்து அனுப்புகிறார்கள். ரத்தத்தோடு போய்க் கட்டியில் சேர்ந்து, படத்தில் அந்த இடத்தை வெள்ளையாகக் காட்டிக்கொடுத்துவிட்டு, சிறுநீரில் வெளியே போய்விடும். அதற்கு அங்கே நடக்கும் உபசாரம் சொல்லி மாளாது. சிறுநீரகப் பரிசோதனை, எடைக்கு ஏற்ற அளவு, புட்டியின் தொகுதி எண், காலாவதித் தேதி, இரண்டு பேருடைய கையெழுத்து.

அன்னாசிச் சாற்றில் இருப்பதும் உலோகம்தான், மாங்கனீசு. ஒரு வகைப் படத்தில் அது வயிற்றிலும் குடலிலும் கிடக்கும் நீரைக் கறுப்பாக்கி ஒதுக்கிவிடும், பித்தக்குழாய் பளிச்சென்று தெரியும். கட்டியைத் தேடும் இன்னொரு வகைப் படத்தில் அதே சாறு வெள்ளை வெளேரென்று இருக்கும். இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் சூப்பர் மார்க்கெட்டில் பிஸ்கட்டோடு சேர்த்து வாங்கி வரும் சாமானுக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்?

காகிதம் புழங்கிய காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சாறு கொடுத்தால், டாக்டர் சீட்டின் மூலையில் பேனாவால் ஒரு குட்டி அன்னாசிப் பழம் வரைந்துவிடுவார்கள். கிளெனிஸ் வரையும் பழத்துக்குக் கொண்டை பெரிதாக இருக்கும். நான்கு வருடங்களுக்கு முன் கணினி ஃபார்ம் வந்தபோது பழம் வரைய இடமில்லாமல் போயிற்று. 'வாய்வழி கான்ட்ராஸ்ட்' என்று ஒரு கட்டம் மட்டும் வந்தது. அதில் எதையாவது தேர்ந்தெடுத்தால் உடனே தொகுதி எண் கேட்கும், எண் போடாவிட்டால் ஃபார்ம் மூடாது. ஜூஸ் டின்னுக்குப் போய் யார் எண் தேடிக்கொண்டிருப்பது? 'எதுவும் இல்லை' என்று போட்டுவிட்டு எல்லோரும் அடுத்த வேலையைப் பார்த்தார்கள். முதன்முதலில் அப்படிப் போட்டவள் கிளெனிஸ்தான். இதெல்லாம் ஸ்கேன் அறையை எட்டிக்கூடப் பார்க்காமல் மென்பொருள் எழுதிய மூடர்களின் குற்றம் என்பது அவள் கட்சி.

நெவ் கோக்ரனுக்கு ஸ்கேன் எடுத்தது போன வாரம் செவ்வாய்க்கிழமை. யெப்பூன் பக்கம் அன்னாசி பயிரிடுகிறவர், வயது அறுபத்து நான்கு. மனைவி போன பிறகு தனி ஆள். கிளெனிஸும் அவரும் ஒரே பௌல்ஸ் கிளப்பில் சனிக்கிழமை தோறும் பந்து உருட்டுகிறவர்கள். சாப்பிட்டதும் வயிறு வலிக்கிறது என்று போய், இன்னோர் இடத்தில் சி.டி. எடுத்ததில், கணையத்தின் தலைப்பக்கம் கட்டைவிரல் நுனி அளவு ஏதோ ஒன்று மங்கலாகத் தெரிந்திருக்கிறது. அது என்னவென்று பார்க்கத்தான் எம்.ஆர்.ஐ.

கிளெனிஸ் ஃபிரிட்ஜிலிருந்து டின்னை எடுத்ததும் நெவ் அதை வாங்கி லேபிளைப் படித்தார். எங்கேயோ வெளிநாட்டில் பழுத்து, அங்கேயே அடைத்து, கப்பலில் வந்த சாறு. செத்த எலியைப் பிடிப்பது போல் அதை இரண்டு விரலால் பிடித்து மேசையில் வைத்தார்.

"இத நான் பன்னிக்குக்கூட ஊத்த மாட்டேன் கிளென். அன்னாசி ஜூஸ் குடுப்போம்னு போன்ல சொன்னாங்கல்ல, அதான் கையோட கொண்டாந்துட்டேன்" என்று பையிலிருந்து ஒரு ஃபிளாஸ்கை எடுத்தார். கிழக்கு வயல் பழம், காலையில்தான் பிழிந்தது என்றார்.

அவள் சிரித்துவிட்டாள். அந்த டின்னை அவளுக்கும்தான் பிடிக்காது. விதிப்படி வேண்டியது அன்னாசிச் சாறு, இதுவும் அன்னாசிச் சாறுதானே. ஒரு டம்ளர் போதும் என்றாள். நெவ் ஃபிளாஸ்க் முழுவதையும், ஒரு லிட்டர் இருக்கும், மடமடவென்று குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். எந்த மண்ணில் விளைந்த பழத்தில் எவ்வளவு மாங்கனீசு இருக்கிறது என்று யாரும் அளந்து வைத்திருக்கவில்லை. கிளெனிஸுக்கும் அது நினைவுக்கு வரவில்லை. ஊசி போடுவதற்கு முன் ஒரு சுற்று, கேடோலினியம் ஏற்றிய பின் ஒரு சுற்று என்று முறைப்படி எடுத்தாள். பித்தக்குழாய் நூல் பிடித்த மாதிரி வந்தது. புட்டியின் எண்ணைப் போட்டாள், அளவைப் போட்டாள், கையெழுத்து வாங்கினாள். வாய்வழி: எதுவும் இல்லை. ஃபார்ம் மூடிக்கொண்டது.

அடுத்த வாரம் புதன்கிழமை காலை பத்து மணிக்கு நெவ் மறுபடி வந்தார். தோளில் ஒரு பெட்டி அன்னாசி. அதை அவள் மேசை ஓரத்தில் இறக்கிவிட்டு, படங்களை ஒரு டிஸ்க்கில் போட்டுத் தரச் சொன்னார். நாளைக் காலை விமானத்தில் பிரிஸ்பேன், வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்றார். வேறொரு நோயாளிக்குக் காய்ச்சல் வந்து இடம் காலியானதால் இவரைச் சேர்த்துக்கொண்டார்களாம். கணையத்தின் தலை, சிறுகுடலின் தொடக்கம், பித்தப்பை, பித்தக்குழாயில் பாதி, எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மிச்சத்தைச் சேர்த்துத் தைப்பார்கள். எட்டு மணி நேர வேலை. அந்த மேசையிலிருந்து எழுந்திருக்காதவர்களும் உண்டு. எழுந்தாலும் ஆறு மாதத்துக்குக் கனமான எதையும் தூக்கக் கூடாது.

"பழம் பறிச்ச தூர்ல மறுபடி துளிர்த்த மறுதாம்புப் பயிர ஆறு மாசம் யாரு பாப்பா? ரெண்டு நாளா டிராக்டர் விட்டு மடக்கி உழுதுட்டேன்" என்றார். "கிழக்கு வயல்ல கடைசியாப் பறிச்சது இது. கிளப்ல எல்லாருக்கும் குடு."

கிளெனிஸ் உட்கார் என்று நாற்காலியைக் காட்டிவிட்டு ரிப்போர்ட்டைத் திறந்தாள். கணையத்தின் தலையை ஒட்டி இருபத்திரண்டு மில்லிமீட்டர், ரத்தம் மிகுதியாகப் பாயும் கட்டி, ஹார்மோன் சுரக்கும் வகையாக இருக்கக்கூடும், அறுவை மருத்துவரின் கருத்து தேவை. மொத்தமே ஐந்து வரி. ஒரு மனிதனின் வயிற்றைக் கிழிக்கச் சொல்லும் சமாசாரத்தை அந்த ஆள் ஐந்து வரியில் முடித்திருந்தார்.

டிஸ்க்கில் ஏற்றப் படங்களை ஒவ்வொரு வரிசையாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டே வந்தாள். ஊசிக்குப் பிந்தைய வரிசையில் அந்த வெள்ளைப் புள்ளி கொழுக்கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தது. அதற்கு மேலே இருந்தது ஊசிக்கு முந்தைய வரிசை. அதைத் திறந்தாள். அங்கேயும் அதே இடத்தில், அதே அளவில், அதே வெள்ளை.

கேடோலினியம் உடம்புக்குள் போவதற்கு முன்பே வெளுத்துக் கிடக்கும் ஒன்றை, கேடோலினியம் வெளுக்க வைத்தது என்று எப்படிச் சொல்ல முடியும்? ரத்தம் பாய்வதாவது, மண்ணாவது. பென்ஹாலோ முந்தைய படத்தைத் திறந்தே பார்க்கவில்லை. அவளுக்கு முதலில் வந்தது பயம் அல்ல, சந்தோஷம். பதினொரு வருடம் காத்திருந்து பிடித்துவிட்டாள். நெவ் எதிரே உட்கார்ந்து தொப்பியை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டிருப்பதுகூட ஒரு கணம் அவள் கண்ணில் படவில்லை. பிறகு பட்டது. இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தி நூசாவுக்குப் போன் போட்டாள்.

"சொல்லுங்க கிளெண்டாம்மா" என்றார் பென்ஹாலோ. பின்னால் காபி மெஷின் இரைந்தது.

அவள் நெவ் கோக்ரனின் எண்ணைச் சொல்லி, ஊசிக்கு முந்தைய படத்தில் அந்தப் புள்ளி இருப்பதைச் சொன்னாள். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. கட்டிக்குள் ரத்தம் கசிந்திருந்தால் முன்பே வெள்ளையாகத்தான் தெரியும், சி.டி.யிலும் அங்கே ஏதோ இருந்தது, படம் எடுப்பவர்கள் படம் எடுத்தால் போதும் என்ற பொருள்பட இனிமையாகவே பேசினார். மெத்தப் படித்தவர்களுக்கு எதையும் இனிமையாகச் சொல்லத் தெரியும்.

"அது ரத்தம் இல்ல டாக்டர், ஜூஸ். அன்னாசி ஜூஸ். குடல் சுவர்ல ஒரு பை இருந்து, அதுல போய்த் தேங்கியிருக்கு. வயிறு காலியான பிறகும் பை காலியாகல. அவ்வளவுதான்."

போனில் காபி மெஷினை அணைக்கும் சத்தம் கேட்டது.

"எந்த ஜூஸ்? உங்க ஃபார்ம்ல வாய்வழி எதுவும் இல்லைன்னு போட்டிருக்கே."

"ஊசிக்கு முந்தின படத்தப் பாத்தீங்களா, இல்லையா?"

"ஃபார்மப் பாத்தேன் கிளெண்டாம்மா. கீழ யார் பேரு இருக்குன்னு நீங்களும் ஒரு தடவ பாருங்க."

நெவ்வின் டாக்டரிடமிருந்து புதிதாகச் சீட்டு வாங்கி மறுபடி எடுத்து அனுப்பினால் பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார். நெவ்வின் டாக்டர் மீன் பிடிக்கப் போயிருந்தார், திங்கட்கிழமைதான் வருவார். வெள்ளிக்கிழமை அதற்கு முன்னால் வருகிறது என்பது நூசாவில் யாருக்கும் கவலையில்லை.

அவள் ஃபார்மைப் பார்த்தாள். கிளெனிஸ் ஹார்ட்டிகன் என்று எழுத்துப் பிசகாமல் இருந்தது.

டாக்டர் சீட்டு இல்லாமல் யாரையும் அந்த மெஷினுக்குள் அனுப்பக் கூடாது. தெரிந்தால் அவளுடைய லைசென்ஸ் போய்விடும். பதினொரு மணிக்கு வரவேண்டிய தோள்பட்டைக்காரி வரவில்லை, மெஷின் சும்மா கிடந்தது. அவள் போய் நெவ்வைக் கூப்பிட்டாள். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாள். ஒன்றும் இறங்கவில்லை, தண்ணீர்தான் குடித்தேன் என்றார். ஒரு சந்தேகம், ஊசி கிடையாது, ஐந்து நிமிடம் படு என்றாள். அவர் ஏன் எதற்கென்று கேட்காமல் பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார்.

முதல் சுற்றில் அந்த இடத்தில் வெள்ளையாக ஒன்றும் இல்லை. குடலை ஒட்டிச் சட்டைப் பை மாதிரி ஒரு சின்னப் பை, அதில் தண்ணீர், அது கறுப்பாக. வயதானவர்களில் எத்தனையோ பேருக்கு இருப்பதுதான். கிளெனிஸ் ஃபிரிட்ஜிலிருந்து டின்னை எடுத்து உடைத்துக் கொடுத்தாள். நெவ் அவளையும் டின்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவளுடைய முகத்தில் என்ன கண்டாரோ, மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் குடித்தார். இருபது நிமிடம் கழித்து இரண்டாம் சுற்று. அதே இடத்தில் கொழுக்கட்டை வந்து உட்கார்ந்துவிட்டது.

இரண்டு சுற்றையும் பிரிஸ்பேனுக்கும் நூசாவுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினாள். எந்த அனுமதியும் இல்லாமல் எடுத்தது என்பதையும் எழுதியே அனுப்பினாள். பிரிஸ்பேனிலிருந்து முக்கால் மணி நேரத்தில் அறுவை மருத்துவரே போன் செய்தார். இது மாதிரிப் பையைத் தனக்கு இரண்டு வருடம் முன்பும் ஒருவர் கட்டி என்று விற்கப் பார்த்தார் என்றார். வெள்ளிக்கிழமைப் பட்டியலிலிருந்து கோக்ரனின் பெயரை எடுத்தாயிற்று. பிறகு சாவகாசமாகக் குழாய் விட்டு ஒருமுறை பார்த்தால் போதும்.

நூசாவிலிருந்து திருத்தம் வந்தது, இரண்டு வரி. 'தொழில்நுட்ப ஊழியர் பதிவு செய்யத் தவறிய வாய்வழிப் பொருளால் ஏற்பட்ட தோற்றம். கட்டி இல்லை.' முந்தைய படத்தைத் தான் பார்க்காததைப் பற்றி மூச்சே இல்லை. கிளெனிஸ் அதை மூன்று முறை படித்தாள், எங்காவது ஒரு பொய் கிடைக்குமா என்று. அந்த இரண்டு வரியில் பொய் எதுவும் இல்லை.

நெவ் வரவேற்பறையில் பழைய படகுப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவரை அறைக்குக் கூட்டிவந்து, கட்டி இல்லை என்று சொன்னாள். அவர் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னாள். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். கையை எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தார், கண் நனைந்திருந்தது.

"நூசாக்காரன் செஞ்ச வேலையா?" என்றார். கிளப்பில் எல்லோருக்கும் பென்ஹாலோவைத் தெரியும், ஓட்ஸ் பால் கதையை அவளே நூறு முறை சொல்லியிருக்கிறாள்.

அவள் நாக்கு தயாராக இருந்தது. முந்தைய படத்தைத் திறக்காததை, ஐந்து வரியை, காபி மெஷினை, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். நெவ் அந்த மனிதரை வாய்க்கு வந்தபடி திட்டினார். அவரோடு சேர்ந்து அவளும் திட்டியிருக்கலாம். அப்படியே பேச்சு முடிந்துபோயிருக்கும், பழப் பெட்டியும் அவள் மேசையில் இருந்திருக்கும்.

"நானும் எழுதல நெவ்."

"என்ன எழுதல?"

"நீ ஜூஸ் குடிச்சத. எதுவும் இல்லைன்னு போட்டேன். அவன் அத நம்பிட்டான்."

"நீ பாத்துட்டுத்தான இருந்த? சிரிச்சியே."

"ஆமா."

"அப்புறம் ஏன் எழுதல?"

"அது நம்பர் கேக்கும். நம்பர் போடலன்னா ஃபார்ம் மூடாது" என்றாள். சொல்லும்போதே அவள் காதுக்கு அது நூசாவிலிருந்து வரும் பேச்சு மாதிரி இருந்தது.

நெவ் தொப்பியைத் தலையில் வைத்தார். எழுந்துபோய் மேசை ஓரத்திலிருந்த பெட்டியைத் தூக்கித் தோளில் ஏற்றினார். வாசல் வரை போனவர், திரும்பி வந்து, ஸ்கேன் அறை மேடையில் கிடந்த காலி டின்னை எடுத்தார். கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். அதை அவள் விசைப்பலகைக்குப் பக்கத்தில் தலைகீழாக வைத்தார்.

"அடியில நம்பர் இருக்கு பாரு" என்றார். "பூ வச்ச செடி கிளென். ரெண்டு நாளா மடக்கி உழுதேன்."

அவருடைய பிக்கப் வண்டி கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. கிளெனிஸ் போன வாரச் செவ்வாய்க்கிழமை ஃபார்மைத் திருத்தத் திறந்தாள். வாய்வழி கான்ட்ராஸ்ட் கட்டத்தில், அன்னாசிச் சாறு, வீட்டில் பிழிந்தது, ஒரு லிட்டர் என்று போட்டாள். உடனே அடுத்த கட்டம் வந்து தொகுதி எண் கேட்டது. அவள் 'நெவ் கோக்ரன், கிழக்கு வயல்' என்று எழுதிப் பொத்தானை அழுத்தினாள். மறுக்கும் என்று எதிர்பார்த்தாள். ஃபார்ம் ஒரு கேள்வியும் கேட்காமல் மூடிக்கொண்டது. அந்தக் கட்டத்தில் எதை எழுதினாலும் அது மூடிக்கொள்ளும். நான்கு வருடங்களில் அவள் ஒருமுறைகூட எழுதிப் பார்த்ததில்லை.